ஹலால் முத்திரையும் நம் கடை ஐஸ்பெட்டியும்



பாகான் செராயில் என் மளிகைக் கடைக்கு ஒரு தாயார் வாரந்தோறும் வருவார். தம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டு போவதற்காக ஐஸ்பெட்டியைத் திறந்து மூன்று பாக்கெட் சாசேஜ் எடுத்து மேசைமேல் வைப்பார். ஒரு நாள் வாய் சும்மா இராமல், "தினமும் இதுதானா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டேன். "ஹலால் முத்திரை இருக்கிறதே நானா, அப்புறம் என்ன?" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. காசை வாங்கிப் பெட்டியில் போட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இரவு கடை அடைக்கும் வரை என்னோடேயே இருந்தது. அதற்கு முந்திய வாரந்தான் கெளினிக்கில் என் இரத்தத்தைச் சோதித்து, கொழுப்பும் இனிப்பும் எல்லையைத் தொட்டுவிட்டன என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு.

நான் டாக்டர் அல்ல. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்தவன். ஆயினும் நாம் விற்கும் சரக்கைப் பற்றி நாமே விசாரித்துத் தெரிந்துகொள்வது வியாபாரியின் கடமையல்லவா? விசாரித்துத் தெரிந்ததை, தெரிந்த மட்டில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சரக்கையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் இறைச்சியைச் சிவப்பு இறைச்சி என்கிறார்கள். இந்தியாவிலிருந்து உறைய வைத்துக் கப்பலில் வரும் எருமை இறைச்சியும் இதில் சேர்ந்ததே. கோழியும் மீனும் இதில் சேரா. இரண்டாவது, பதப்படுத்திய இறைச்சி. உப்பிட்டோ, புகையிட்டோ, மருந்துப் பொருள் சேர்த்தோ நெடுநாள் கெடாமல் இருக்கும்படி செய்தது அது. சாசேஜ், சலாமி, டின்னில் வரும் கார்ன்டு பீஃப் எல்லாம் இந்த வகை. இங்கேதான் நம்மவர் பலர் தவறுகிறார்கள். "நான் மாடு தின்பதில்லை, கோழி சாசேஜ்தான்" என்பார்கள். கோழியில் செய்தாலும், பதப்படுத்தியது பதப்படுத்தியதே.

பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். 'பெங்காவெட்' என்ற மலாய்ச் சொல்லும், பலவற்றில் 250 என்ற எண்ணும் இருக்கும். அந்த எண் சோடியம் நைட்ரைட் என்னும் உப்பைக் குறிக்கும். இதைச் சேர்ப்பவர் நம்மை ஏமாற்றுவதற்காகச் சேர்க்கவில்லை. டின் உணவில் தோன்றி ஆளையே கொல்லக்கூடிய ஒரு கொடிய கிருமியை அது தடுக்கிறது. இறைச்சியின் செந்நிறத்தையும் காக்கிறது. சர்க்காரும் அளவு வைத்தே அனுமதித்திருக்கிறது. ஆனால் அதே நைட்ரைட் வயிற்றுக்குள் சென்று இறைச்சியின் புரதத்தோடு கூடும்போது, நைட்ரோசோ என்னும் பொருள்கள் உண்டாகின்றன. அவை குடலின் உள்தோலை அரித்துப் புற்றுநோய்க்கு வழி செய்யக்கூடியவை. புதிய சிவப்பு இறைச்சியிலும், அதற்குச் சிவப்பு நிறம் தரும் இரும்புச் சத்து குடலில் இதே வேலையைச் சிறிது செய்கிறது. நெருப்பில் கருக வாட்டினால் வேறு சில நச்சுப் பொருள்களும் சேர்கின்றன. சத்தேயின் கருகிய ஓரத்தை விரும்பித் தின்பவர்களில் நானும் ஒருவன். அதனால் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் தன் முடிவை வெளியிட்டது. பிரான்சு நாட்டு லியோன் நகரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் கூடி, அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தார்கள். பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி என்று முதல் வகுப்பில் வைத்தார்கள். சிவப்பு இறைச்சி உண்டாக்கக்கூடும் என்று அதற்கு அடுத்த வகுப்பில் வைத்தார்கள். நாள்தோறும் 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு ஹாட்டாக் அளவு பதப்படுத்திய இறைச்சி உண்டால், பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு.

18 சதவீதம் என்றதும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வியாதி வரும் என்று பயந்துவிடக் கூடாது. வியாபாரிகளான நமக்குச் சதவீதக் கணக்கு தெரியும். முதல் எவ்வளவு என்று தெரியாமல் லாப சதவீதத்தை மட்டும் சொன்னால் அதில் பொருள் உண்டோ? கணக்குக்காக, நூறு பேரில் ஐந்து பேருக்கு ஆயுளில் இந்த வியாதி வரக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு பேரும் தினம் ஒரு சாசேஜ் தின்றால், ஐந்து என்பது ஏறக்குறைய ஆறாகும். அவ்வளவுதான். புகையிலையும் அதே முதல் வகுப்பில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவு கெடுதி என்று சிலர் மேடையேறிப் பேசுகிறார்கள். அதுவும் பிழை. உலகில் ஆண்டுதோறும் புகை பிடிப்பதால் வரும் புற்றுநோய் மரணங்கள் சுமார் 10 லட்சம். பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் வருவன சுமார் 34,000 என்று அப்போது மதிப்பிட்டார்கள். வகுப்பு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லுமே தவிர, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லாது. சாசேஜை ஒழிக்க நினைப்பவர் முதலில் தம் கடையின் சிகரெட் அலமாரியைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இந்த ஆறாவது ஆளைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? அந்த ஆறாவது ஆள் யாருடைய வீட்டில் இருப்பார் என்று எவருக்கும் தெரியாது என்பது ஒன்று. புற்றுநோய் மட்டுமே பேச்சல்ல என்பது மற்றொன்று.

கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்து, கனடாவில் இருதய ஆராய்ச்சி செய்துவருபவர் டாக்டர் சலீம் யூசுப். 52 நாடுகளில் அவர் நடத்திய பெரிய ஆராய்ச்சி 2004இல் வெளிவந்தது. நம் முன்னோர் பிறந்த தெற்காசியாவில் முதல் மாரடைப்பு நடு மதிப்பாக 53 வயதில் வருகிறது. மற்ற நாட்டாருக்கு 59 வயதை ஒட்டி வருகிறது என்பது அந்த ஆராய்ச்சியிலிருந்து தெரியவந்தது. பின்னர் அவருடைய குழுவினர் 21 நாடுகளில் 1,34,297 பேரின் உணவைக் கேட்டறிந்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2021இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நம் மலேசியாவும் அந்த 21 நாடுகளில் ஒன்று. ஆகவே இதை வெள்ளைக்காரர் சாப்பாட்டு மேசையின் கதை என்று தள்ளிவிட இயலாது. வாரத்திற்கு 150 கிராமோ அதற்கு மேலோ பதப்படுத்திய இறைச்சி உண்டவர்களுக்கு, அதை அறவே உண்ணாதவர்களைவிட இருதய வியாதி 46 சதவீதமும் மரணம் 51 சதவீதமும் அதிகமாகக் காணப்பட்டன. அதே ஆராய்ச்சியில், புதிய சிவப்பு இறைச்சிக்கும் கோழிக்கும் இருதய வியாதியோடு அத்தகைய தொடர்பு தென்படவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய ஆராய்ச்சிகள் மக்களைப் பின்தொடர்ந்து பார்த்தவை. சாசேஜ் தின்பவர் புகையும் பிடிக்கலாம். நடக்காமல் உட்கார்ந்தே இருக்கலாம். அவற்றையெல்லாம் கழித்தே கணக்கிடுகிறார்கள். என்றாலும் முழுவதும் கழிந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் பல தேசத்துக் கணக்குகள் ஒரே பக்கம் சாயும்போது, கெட்டிக்கார வியாபாரி கொள்முதலைக் குறைத்துக்கொள்வான்.

புதிய இறைச்சிக்கு இதனால் முழு விடுதலை கிடைத்துவிட்டது என்றும் எண்ணற்க. 20 நாடுகளில் ஏறக்குறைய 20 லட்சம் பேரை ஆராய்ந்த செய்தி 2024இல் வந்தது. தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் இனிப்பு நீர் வியாதி வரும் வாய்ப்பு 15 சதவீதமும், தினம் 100 கிராம் புதிய சிவப்பு இறைச்சி உண்டால் 10 சதவீதமும் கூடுதல் என்றது அது. நம் நாட்டில் 2023இல் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, வயது வந்தோரில் 15.6 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். அதாவது ஆறு பேரில் ஒருவர். மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல்.

"நம் பாட்டன்மார் ஆடும் மாடும் தின்று எண்பது வயது வரை இருக்கவில்லையா?" என்று கேட்பவர் உண்டு. என் வாப்பாவே அப்படிக் கேட்டவர்தாம். அவர்கள் தின்ற விதத்தை நினைத்துப் பாருங்கள். கந்தூரிக்கும், கல்யாணத்திற்கும், பெருநாளுக்கும் இறைச்சி. சகனைச் சுற்றி நால்வர் அமர்ந்தால், நடுவில் உள்ள கறித் துண்டுகள் நால்வருக்கும் பொது. பக்கத்து ஆளுக்கு நகர்த்திவிட்டுத்தான் நாம் ஒன்று எடுப்போம். வெட்கமே அளவுகோலாக இருந்தது! தால்ச்சாவில் எலும்பு நாலு, பருப்பும் கத்தரிக்காயும் வாழைக்காயும் அண்டா நிறைய. பினாங்குத் துறைமுகத்தில் நம்மவர் தோளில் காவடித் தண்டு வைத்துக் கூவி விற்றதே நாசி கண்டார் என்பது வழிவழி வந்த செய்தி. அதை வாங்கித் தின்றவன் பகல் முழுவதும் மூட்டை தூக்கினான். இன்று அதே சோற்றை, மாட்டிறைச்சியும் கோழியும் சேர்த்து, நாலு குழம்பும் வெள்ளமாக ஊற்றித் தின்றுவிட்டு, நாம் கல்லாவில் உட்காருகிறோம். இரவு பத்து மணிக்கு மேல் சாலையோரத்து பர்கர் வேறு.

கலீபா உமர் (ரலி) அவர்கள், ஆசை தோன்றியபோதெல்லாம் இறைச்சி வாங்குவதைக் கண்டித்த செய்தி ஒன்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது, ஆலிம்கள் அறிவார்கள். ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்து வருவதை மதரஸாவில் உஸ்தாது நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். முத்திரை போடுகிறவர்கள் முதற் சொல்லுக்கு உரிய அறுப்பையும் பொருளையும் சுத்தத்தையும் பார்த்துத் தருகிறார்கள். அதை எத்தனை நாள், எத்தனை துண்டு பிள்ளைக்குக் கொடுப்பது என்பதை அவர்கள் பார்க்க முடியாது. அது நம் வேலை.

இறைச்சியே கூடாது என்று நான் எழுதவில்லை. அதிலே உயர்ந்த புரதமும், இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய இரும்புச் சத்தும் இருக்கின்றன. சோகை பிடித்த பெண்களும் வளரும் பிள்ளைகளும் அளவோடு உண்பது நன்மையே. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் அளவு, ஒருவருக்கு வாரம் மூன்று வேளைக்கு மேற்படாமல், சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம் வரை. பச்சையாக எடை போட்டால் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை வரும். பதப்படுத்தியது மிக மிகக் குறைவாக, முடிந்தால் இல்லாமலே. நமக்கு இதில் கஷ்டம் என்ன? பக்கத்திலே கோலா குராவில் படகு கரையேறுகிறது. கெம்போங் மீன் ஆணம் வைத்தால் எந்தப் பெருநாள் கறிக்குக் குறைவு?

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். மச்சான் முறையான ஒருவர், தைப்பிங் பக்கம் கடை வைத்திருந்தார். மலத்தோடு இரத்தம் போவதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து தின்றார்; கடையை விட்டுப் போக நேரமில்லை என்றார். டாக்டர் பார்த்தபோது குடலிலிருந்து ஈரலுக்குப் பரவியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் மவுத்தாகிவிட்டார். இறைச்சியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு தனி மனிதர் விஷயத்தில் அதை யாராலும் சொல்ல இயலாது. ஆனால் எட்டு மாதத்திற்கு முன்பே போயிருக்கலாம். 2012 முதல் 2016 வரையிலான நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இந்தப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கே, பெண்களுக்கு இரண்டாமிடம். பெரும்பாலோர் முற்றிய பிறகே வருகிறார்கள். 50 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு, அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும், மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் சர்க்கார் கெளினிக்கில் செய்கிறார்கள். சிறிய குப்பி ஒன்று தருவார்கள். வீட்டில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். இரத்தம் கண்ணுக்கே தெரிந்தால் வயதைப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

என் கடை விஷயத்திற்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கடை வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து, சாசேஜைக் குச்சியில் குத்திப் பொரித்து விற்றுவந்தேன். அதை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் அவித்த சோளமும் நிலக்கடலையும் வைத்திருக்கிறேன். முதல் மாதம் நாளொன்றுக்கு இருபது வெள்ளிக்கு மேல் வரவு குறைந்தது. இப்போது பாதி திரும்பியிருக்கிறது. ஐஸ்பெட்டியிலிருந்து பாக்கெட்டுகளை முழுவதும் எடுத்துவிட எனக்கு இன்னும் மனம் துணியவில்லை. வாடகை இருக்கிறது, எதிர்க்கடை இருக்கிறது. ஆனால் மேல்தட்டில் கண்ணில் படும்படி இருந்தவற்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மேலே மீனையும் கோழியையும் அடுக்கினேன். அந்தத் தாயார் மறுபடி வந்தபோது, முன்பு சொல்லாமல் விட்ட மறுமொழியைச் சொன்னேன். சற்று நேரம் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டை உள்ளே வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, "முட்டை என்ன விலை நானா?" என்று கேட்டார்.