புயற்காற்றும் நமது சங்கக் கடமையும்

சோழமண்டலக் கரையில் வாழும் விவசாயிக்குப் புயல் வருங்காலம் தெரியாததன்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களே அதற்குரியவை. 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயலும், 1977-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரணியத்தருகே கரை கடந்த கஜாவும் இம்மாதங்களிலேயே வந்தன. ஆகையால் முன்கூட்டி ஆயத்தம் செய்துகொள்ளுதல் நமது கடமையாகும்.

வங்கக் கடலின் வெப்பமான நீரிலிருந்து ஈரக்காற்று மேலெழும்ப, சுற்றிலுமுள்ள காற்று அவ்விடத்தை நோக்கி இடஞ்சுழியாகச் சுழன்று பாய்வதே புயல். அது மேற்கு நோக்கி வந்து நம் ஊரின் மீதே கடக்குமாயின், முதலில் வடக்கிலிருந்து காற்று வீசும். பின்னர் புயலின் கண் வருங்கால் காற்று ஓய்ந்துவிடும். ஆபத்து நீங்கியதென்றெண்ணி அப்போது வெளிச்செல்லலாகாது. சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து கடுங்காற்று மீண்டும் வீசும். கண் கடக்கும் இடத்துக்கு வடபாலுள்ள கரையில், காற்றுக் கடலிலிருந்து வீசுமாதலால், கடல்நீர் ஊருக்குள் புகும் அபாயம் அதிகம்.

நஷ்டத்திலும் பேதமுண்டு. நெல் அழிந்தால் ஒரு போகம் போயிற்று. நெட்டைத் தென்னை வீழ்ந்தாலோ, புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாகும். கஜாவின்போது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு நேர்ந்தது இதுவே. தோப்பொன்றையே நம்பிக் கடன் வாங்கியவர் அவ்வருஷங்களில் தவணை கட்டுவது எங்ஙனம்? ஊடுபயிர், கறவை மாடு முதலிய வேறு வருமானமும் அவருக்கு வேண்டும். கடன் மனுவைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுவினர் இதனையும் கவனிக்க வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் ஏற்பாடு செய்யத்தக்கவை:

1. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தை உரிய தேதிக்குள் செலுத்தி ரசீது பெறுதல்.

2. சங்கக் கணக்குப் புத்தகங்கள், கடன் பத்திரங்கள், விதைநெல் ஆகியவற்றை வைக்க, மேட்டிலுள்ள உறுதியான கட்டிடமொன்றைத் தேர்தல்.

3. எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய காய்களையும் பழுத்த மட்டைகளையும் இறக்கி, மரத்தின் தலைப்பாரத்தைக் குறைக்க ஆட்களை நியமித்தல்.

4. மாடுகளை மேட்டுக்கு ஓட்டுதல். இயலாவிடில் தும்பை அவிழ்த்துவிடுதல்.

5. துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டறிந்து ஊராருக்கு உரைத்தல். 8, 9, 10 ஆகியவை பேரபாயத்தைக் குறிக்கும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக எழுதி, இன்ன வேலை இன்னார் பொறுப்பென்று பெயர் குறித்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.