கணையத்தின் சுமையைக் கடற்பாசி குறைக்குமா?

மாணவர்களே, ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் லேசாக இனிக்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. சிறுகுடலில் இதே வேலையைக் கணையம் அனுப்பும் அமிலேஸ் தொடர்கிறது. அடுத்து, மால்டேஸ் என்ற நொதி மால்டோஸைக் குளுக்கோஸாக்க, அது இரத்தத்தில் கலக்கிறது.

அந்தக் குளுக்கோஸைக் கவனிப்பதும் கணையம்தான். அதனுள் சிதறிக் கிடக்கும் சிறு திட்டுகளை 1869-இல் ஜெர்மனியில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்தார். அத்திட்டுகளிலுள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதை ஈடுகட்ட பீட்டா உயிரணுக்கள் மேலும் மேலும் சுரந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தளர்ந்துபோகின்றன. வீட்டில் 'இனிப்பு நீர்' என்கிறோமே, அதன் பின்னணி இதுதான். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம்.

குளுக்கோஸ் ஒரேயடியாகப் பாயாமல் மெதுவாக வந்தால் பீட்டா உயிரணுக்களின் சுமை குறையும் அல்லவா? இங்குதான் கடற்பாசி வருகிறது. பழுப்புக் கடற்பாசிகளில் புளோரோடானின் என்ற சேர்மங்கள் உள்ளன. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின்களுக்கு இவை தூரத்து உறவு. கொரியாவின் ஜேஜு தீவுக் கடலில் வளரும் எக்லோனியா கேவா என்ற பாசியிலிருந்து பிரித்த டைகால் இவற்றில் ஒன்று. இச்சேர்மங்கள் நொதிகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைத் தடுக்கின்றன.

நீங்கள் ஆய்வகத்தில் செய்த அயோடின் சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மாவுச்சத்துக் கரைசலில் அமிலேஸைச் சேர்த்துச் சில நிமிடம் கழித்து அயோடினை விட்டால் கருநீலம் தோன்றாது. அமிலேஸ் தடுக்கப்பட்டிருந்தால் கருநீலம் அப்படியே தோன்றும். (அந்த அயோடினே 1811-இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் முதன்முதலில் கிடைத்தது!)

ஆனால், சோதனைக் குழாய் வேறு, மனித உடல் வேறு. குழாயில் நொதியும் சேர்மமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. வயிற்றிலோ அமிலம், மற்ற உணவுகள், குடல் நுண்ணுயிர்கள் என எத்தனையோ குறுக்கே நிற்கின்றன. எலிகளிடம் நல்ல பலன் தெரிந்தது உண்மை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. நொதியைத் தடுக்கும் இதே வழியில் வேலை செய்யும் அகார்போஸ் என்ற மருந்து பலகட்டச் சோதனைகளைத் தாண்டி வந்தது. அதிலும் ஒரு தொல்லை உண்டு: செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் நொதித்து, வயிற்றில் வாயு சேரும்.

ஆகவே, "கடற்பாசி மாத்திரை சாப்பிடுங்கள், மருந்தை நிறுத்திவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பாட்டியிடம் படித்துக் காட்டாதீர்கள். சில பழுப்புப் பாசிகளில் அயோடின் மிக அதிகம். அளவு மீறினால் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படும். மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நாம் விரும்பிச் சாப்பிடும் அகார் அகார் சிவப்புப் பாசியிலிருந்து வருவது. அதில் புளோரோடானினை எதிர்பார்க்க முடியாது. நாம் கொட்டும் சீனிதான் இருக்கும்.