நின்று துடுப்பிடும் பலகை: தேர்தலும் சுமத்தலும்

அகன்ற மிதவைப் பலகையொன்றின்மேல் நிமிர்ந்து நின்று, நெடிய ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்வதொரு விளையாட்டு உண்டு. ஹவாயின் வைக்கீக்கிக் கடற்கரையில், 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், அலைச்சறுக்குப் பயிற்றுவோர் சிலர் இங்ஙனம் நின்று சென்றனர். 2000-ஆம் ஆண்டிற்குப் பின்னரே இஃது உலகெங்கும் பரவிற்று. இதனைப் புதிதாய்ப் பயில விழைவோர் கருவிகளைத் தேருமாறும் கொண்டுசெல்லுமாறும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் பலகை. விலக்கப்படும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையைத் தாங்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட நெறியின் பயன். ஆகவே, 60 கிலோ எடையுள்ள மாணவன் 10 கிலோ எடையுள்ள பலகைமேல் ஏறின், 70 லிட்டர்ப் பருமன் அப்பலகையை நீர்மட்டத்தோடு ஒன்றி நிறுத்துமேயன்றி, அவனை நிலையாய் நிற்கவிடாது. அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட பருமன் வேண்டும். 10 முதல் 11 அடி நீளமும், 32 அங்குலத்தை ஒட்டிய அகலமும் தொடக்கநிலையோர்க்கு ஏற்றன. ஒடுங்கிய பலகை விரைந்து செல்லும். ஆயின் எளிதிற் புரளும். கண் விரும்புவது வேறு, கால் விரும்புவது வேறு. இயலுமேல் முதலில் வாடகைக்குப் பெற்றுப் பழகிப் பின் வாங்குதல் நன்று.

துடுப்பு தம் உயரத்தினும் ஒரு சாண் மிகுந்திருத்தல் வேண்டும். அதன் அலகு முன்னோக்கிச் சாய்ந்திருக்குமாறு பிடித்தலே முறை. மாற்றிப் பிடித்தல் புதியோர் பலரும் செய்யும் பிழையாம்.

இனிக் கொண்டுசெல்லும் வகை. காற்றடைக்கும் பலகை சுருட்டி முதுகிற் சுமக்கத்தக்கது. பேருந்திற் செல்வார்க்கும் உதவும். கரையில் அதனுட் சதுர அங்குலத்திற்கு 12 முதல் 15 ராத்தல் அழுத்தம் வரை காற்றடைத்தல் வேண்டும். குறையின் நடுவே தொய்யும். வெயிலில் வறிதே கிடத்தின் உட்காற்று விரிந்து தையலைப் பிளக்கும். ஆதலின் நிழலில் வைத்தல் வேண்டும். திண்பலகையை மோட்டார் வண்டியின் கூரைமேல், பஞ்சணை பொருத்திய தண்டுகளின் மீது, மேற்புறம் கீழாகக் கவிழ்த்து, ஈரிடத்து அகன்ற நாடாவாற் கட்டுக. மிக இறுக்கின் ஓடு விரியும். தளர்த்தின் காற்று அதனைப் பெயர்க்கும். சிறிது தொலைவு சென்றபின் வண்டியை நிறுத்திக் கட்டினைச் சோதித்தல் கடன்.

நம் கடற்கரையோர் கட்டுமரத்தைக் கரைசேர்த்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்தினர். நீரூறிய மரம் கனத்து, மிதப்பாற்றல் குன்றும் என்பதை அவர் அறிந்திருந்தனர். ஆங்கில மொழிக்குச் சொல்லளித்த அக்கட்டுமரம் நமக்கு இப்பாடத்தையும் அளிக்கின்றது: கருவியை உலர்த்திப் பேணுதலும் விளையாட்டின் கூறே. ஈரத்தோடு சுருட்டிய பலகை பூசணம் பிடிக்கும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில் கரையோர நீர் அமைதியாய்த் தோன்றும். நிற்பவன் உடலோ பாய்போலாகி அவனை உள்ளே இழுத்துச் செல்லும். அவன் வீழ்ந்தால், ஆளிழந்த பலகை நீந்துவோனினும் விரைந்து விலகும். காலையும் பலகையையும் பிணைக்கும் கயிறே அப்பொழுது அவன் உயிரைப் பிணைப்பது. ஓடும் ஆற்றிலோ, அக்கயிறு கிளையிற் சிக்கின் அதுவே கூற்றாகும்; அங்கு, இழுத்தவுடன் கழலும் இடைக்கச்சே தக்கது. மிதப்புச் சட்டையும் இன்றியமையாதது. அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2008-இல், அலைவிளையாட்டிற்கும் நீச்சலுக்கும் உரிய எல்லைகளுக்கு அப்பால் இப்பலகையும் ஒரு கலமே எனத் தீர்மானித்து, அதன்கண் அச்சட்டை இருத்தல் வேண்டும் என வகுத்தது.

பலகையின் விலையையும் வண்ணத்தையும் பலநாள் ஆராயும் நாம், ஒரு கயிற்றையும் ஒரு சட்டையையும் காற்று வீசும் திசையையும் கணப்பொழுது நோக்காது நீரில் இறங்குதல் தகுமோ? தன் எடையறிந்து பலகையும், தன் உயரமறிந்து துடுப்பும், நீரின் இயல்பறிந்து கயிறும் கொள்வோனே மகிழ்ந்து சென்று மீள்வான்.