ஐம்பத்தைந்துக்குப் பின்

ஊழியர் சேமலாப நிதியை நம்மவர் பலர் 'பென்சன்' என்றே நினைத்திருக்கின்றனர். அது ஓய்வூதியம் அன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், தொழில்கொள்வோர் பங்கான 12 வீதமும் சேர்ந்து வளரும் சேமிப்பு. ஆண்களுக்கு 55 வயதில், பெண்களுக்கு 50 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும். அதன்பின் மாதாமாதம் எதுவும் வராது.

கணக்கொன்று பார்ப்போம். 55 வயதில் 15 இலட்சம் ரூபா பெற்றவர் 75 வரை அதிலேயே வாழ்வதானால், வட்டியை விட்டுப் பார்த்தால், மாதம் 6,250 ரூபாதான். மகளின் கலியாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் எடுத்தால் மீதி என்ன? எடுக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எவ்வளவு எடுப்பது என்பதைப் பணம் வருமுன்பே குடும்பமாகப் பேசி முடிவுசெய்யுங்கள்.

விலைவாசியும் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைகள் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தன. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். கணக்கில் தொகை கூடியது. சந்தையில் அதன் பெறுமதி குறைந்தது. ஆகவே ஒரு பகுதியை வங்கியிலும், ஒரு பகுதியைப் பால்மாடு, தென்னை போன்ற வருமானம் தருவனவற்றிலும் இடலாம். நாம் நோயில் விழுந்தால் மாட்டை யார் பார்ப்பது என்பதையும் யோசிக்கவேண்டும்.

தோட்டங்களில் நான் கண்ட இடர் வேறு. அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் இன்னொரு பெயர். இதனால் பணம் இழுபடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் வேலையில் இருக்கும்போதே திருத்தக் கேளுங்கள்.