அகழும் முன் எண்ணுதல்

நுழையும்முன்

தொழில் தொடங்க விழைவோர்க்கு முதலில் வேண்டுவது பணமா, துணிவா என்னும் வினா நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. இரண்டும் இருந்தும் வீழ்ந்தோர் உளர். கண்ணுக்குத் தெரியும் ஊதியத்தை எண்ணியவர்கள், அதன் அடியில் மறைந்திருக்கும் இடரை எண்ணாமற்போனதே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கப்பட்ட வரலாறு இதனை விளங்கச் செய்கிறது.

கரியைக் கண்டதும் காத்திருந்ததும்

1930-களில் நெய்வேலிப் பகுதியின் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் பாசனத்திற்காகக் கிணறு இறக்கினார். நீருடன் கரிய பொருள் ஒன்றும் வெளிவந்தது. நீர் கெட்டது என்று வருந்திக் கிணற்றை மூடிவிட்டு வேறிடம் பார்ப்பதே எவரும் செய்யக்கூடியது. அவரோ அப்பொருள் யாதென அறிய முற்பட்டு, அரசின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். பின்னர்ச் சுரங்கத்திற்காகத் தம் நிலத்தில் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பை வழங்கினார்.

1940-களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அங்குத் துளையிட்டு ஆராய்ந்தது. நெய்வேலி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில்தான். கிணற்றில் கரியைக் கண்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு! போரும் ஆட்சி மாற்றமும் இத்தாமதத்திற்குக் காரணங்களே. எனினும், பொறியாளர்களைத் தயங்கவைத்தது மற்றொன்று.

அடியில் இருந்த பகை

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு மேலே கடினமான மணற்பாறையும் மண்ணும் பல மீட்டர் உயரத்திற்குக் கிடக்கின்றன. படுகைக்குக் கீழேயோ மணலினூடே நீர், பேரழுத்தத்துடன் மேல்நோக்கி உந்திக்கொண்டிருக்கிறது. மூடியின்மேல் வைத்த அம்மிக்கல்லைப் போல, மேலுள்ள மண்ணின் எடையே அந்நீரை அடக்கி வைத்திருக்கிறது. கல்லை எடுத்தால் மூடி என்னாகும்? மண்ணை அகற்ற அகற்ற, கீழுள்ள நீர் நிலக்கரிப் படுகையைப் பிளந்துகொண்டு மேலெழும். சுரங்கம் முழுதும் மூழ்கும்.

எனவே, கரியை எவ்வாறு வெட்டுவது என்பதற்கு முன்பாக, நீரை எவ்வாறு அடக்குவது என்பதே முதல் வினாவாயிற்று. 1950-களின் தொடக்கத்தில் சோதனைக் குழி அகழ்ந்தும், பெருமளவில் நீர் இறைத்தும் பார்த்த பின்னரே பெருமுதலீட்டில் இறங்கினர். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் இடையறாது நீரை இறைத்து, அதன் அழுத்தத்தைத் தாழ்த்துவதே கண்ட வழி. பகையாக இருந்த அந்நீரே பின்னர் அனல்மின் நிலையத்திற்கும் நகரியத்திற்கும் சுற்றுப்புற வயல்களுக்கும் பயன்பட்டது.

திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' என்னும் அதிகாரம் 47-ஆவதாகவும், 'வினைத்திட்பம்' 67-ஆவதாகவும் அமைந்துள்ளன. ஆராய்ச்சிக்குரியது முன்னது, மனவுறுதிக்குரியது பின்னது. ஊதியத்தை நாடிக் கைம்முதலையும் இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கார் என்னும் கருத்து முன்னதில் இடம்பெற்றுள்ளது. சோதனைக் குழி அகழ்ந்தோர் கைம்முதலைக் காத்தவர்கள்.

தெரியுமா?

நெய்வேலிச் சுரங்கத்தின் மண்வெட்டும் பேரியந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன; முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்தது. உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற காலத்தில் இரு பக்கத்துத் திறனும் ஒரே ஊரில் கூடின.

அவ்வியந்திரங்களும் நெய்வேலி மண்ணில் எளிதாக இயங்கிவிடவில்லை. கடினமான மணற்பாறையில் அவற்றின் பற்கள் விரைவில் தேய்ந்தன. வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பின்னர் வெட்டவும், பற்களை வலுப்படுத்தவும் இங்குள்ளோர் கற்றனர். பிற நாட்டில் வென்ற கருவியை அப்படியே வாங்கி வைத்தால் போதும் என்னும் எண்ணம், சிறுதொழில் தொடங்குவோரிடமும் காணப்படும் பிழையே.

முந்திரித் தொழிலில் மறைந்த நீர்

நெய்வேலிக்கு அருகிலுள்ள பண்ருட்டி, பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. நகரியத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர் அங்கே முந்திரிப்பருப்புத் தொழில் தொடங்க எண்ணுவதாகக் கொள்வோம். கொட்டையின் விலை, உடைப்புக் கூலி, பருப்பின் விலை ஆகியவற்றை எழுதிக் கூட்டிக் கழித்தால் ஊதியம் தெரிகிறது. ஆனால், கொட்டை வரத்து கோடையின் சில மாதங்களிலேயே மிகுதி. பருப்பு விற்பதோ ஆண்டு முழுவதும். அச்சில மாதங்களில் வாங்கி இருப்பு வைக்கும் பணம், பருப்பு விற்றுத் திரும்பும்வரை முடங்கிக் கிடக்கும். கடன் வாங்கிய பணமாயின் வட்டி நாள்தோறும் ஏறும். இத்தொழிலில் அடியிலிருந்து உந்தும் நீர் இதுவே.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் இப்பகுதியைத் தாக்கியபோது முந்திரித் தோப்புகள் பெருமளவில் சாய்ந்தன. முந்திரி மரம் நட்டுப் பலன் காணச் சில ஆண்டுகள் ஆகும். உள்ளூர்க் கொட்டையை மட்டுமே நம்பிய கணக்கு எதுவும் அந்த ஓர் இரவில் பொய்யாகிவிடும். கொட்டை ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் இறக்குமதியாகிறது என்பதையும், அதன் விலை நாணய மாற்று மதிப்பிற்கேற்ப ஏறி இறங்கும் என்பதையும் முன்பே அறிந்தவர்க்கு மாற்றுவழி ஒன்று எஞ்சும்.

எண்ணம் தெளிவாக இருந்தாலும் மனம் உடன்வர வேண்டும். மாதந்தோறும் ஊதியம் வரும் இல்லத்தில் வளர்ந்தவர்க்கு, வருவாயே இல்லாத முதல் ஆண்டு மிகக் கொடியது. சுரங்கப்பணி தொடங்கியபின் நெய்வேலியில் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணே வந்தது, கரி வரவில்லை. அத்தனை காலத்திற்கும் செலவு திட்டமிடப்பட்டிருந்தமையால் பணி நிற்கவில்லை. மனவுறுதி என்பது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல் மட்டுமன்று. எத்தனை மாதம் பொறுக்க வேண்டியிருக்கும் என்பதை முன்பே கணக்கிட்டு, அதற்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்தலும் ஆகும். நான் இரண்டாவதையே பெரிதென்பேன். பணம் தீர்ந்தபின் உறுதி நெடுநாள் நிற்பதில்லை.

பிறர் கணக்கு

நெய்வேலியின் வரவுசெலவில் இன்னும் தீராத பகுதி ஒன்றுண்டு. சுரங்கம் விரிய விரியச் சுற்றுச் சிற்றூர்களின் நிலம் தேவைப்பட்டது. நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், இழப்பீடும் வேலையும் வேண்டி எழுப்பும் குரல் இன்றும் ஓயவில்லை. சுரங்கத்தினின்று எழுந்த மின்சாரம் பல ஊர்களில் விளக்கேற்றியது உண்மை. உழுத நிலத்தை விட்டுச் சென்றோர் உளர் என்பதும் உண்மை.

முந்திரித் தொழிலிலும் இவ்வாறே. கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும். உடைக்கும் பெண்களின் கைகளுக்கு உறை வாங்கும் செலவு, வறுக்கும்போது எழும் புகை அண்டை வீட்டிற்குச் செல்லாது தடுக்கும் செலவு ஆகியவை அந்த இளைஞரின் முதல் கணக்கில் இல்லை. அவற்றையும் எழுதினால் ஊதியம் குறையும். அக்குறைந்த தொகையைக் கண்டபின்னும் தொழில் தொடங்கலாமா என்பதையே அவர் முடிவு செய்யவேண்டும்.