ஊமைப்படம் கண்ட லில்லியன் கிஷ்

பேச்சே இல்லாத படத்தில் அச்சத்தையும் அழுகையையும் எவ்வாறு உணர்த்துவது? அமெரிக்க நடிகை லில்லியன் கிஷ் தம் கண்களாலும் கைவிரல்களாலும் அதைச் செய்து காட்டினார்.

1893-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர் இவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டதால் தாய் நாடகத்தில் நடித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். லில்லியனும் தங்கை டோரதியும் சிறுமியராகவே மேடை ஏறினர். 1912-இல் கிரிஃபித் இயக்கிய ஊமைப்படம் ஒன்றில் சகோதரிகள் இருவரும் அறிமுகமாயினர்.

1920-இல் வெளிவந்த 'வே டவுன் ஈஸ்ட்' படத்தில், ஆற்றில் மிதக்கும் பனிக்கட்டியின்மீது மயங்கிக் கிடப்பதாக ஒரு காட்சி. கையையும் கூந்தலையும் உறைபனி நீரில் தோயவிட்டு நடித்தார். அதே ஆண்டில் ஒரு படத்தைத் தாமே இயக்கியும் இருக்கிறார்.

1927-க்குப் பின் பேசும்படங்கள் பெருகின. ஊமைப்பட நட்சத்திரங்கள் பலர் வாய்ப்பிழந்தனர். லில்லியனோ தாம் இளமையில் பழகிய மேடைக்கே திரும்பினார். 1936-இல் நியூயார்க்கில் நடந்த 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒபீலியாவாக நடித்தார். பின்னர் துணை வேடங்களையும் மனமுவந்து ஏற்றுத் திரையில் தொடர்ந்தார். 1971-இல் கௌரவ ஆஸ்கார் விருது அவரைத் தேடி வந்தது. இறுதிப் படமான 'தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்' 1987-இல் வெளிவந்தது. 75 ஆண்டுத் திரைவாழ்வு! 1993-இல், தமது 99-ஆம் வயதில் மறைந்தார்.

தோழியரே, சிறுமியாக மேடையில் பயின்ற பேச்சுக்கு ஊமைப்படத்தில் வேலையே இல்லை. ஆயினும் படங்கள் பேசத் தொடங்கிய காலத்தில் அவரைத் தாங்கியது அந்தப் பயிற்சிதான். இன்று பயனற்றதாகத் தோன்றும் பாடத்தையும் நாம் கருத்தூன்றிக் கற்போமாக!