தக்காளியைப் போத்தலில் அடைப்போம்

மாரியோடு நட்ட தக்காளி மாசி, பங்குனி மாதங்களில் ஒரேயடியாகப் பழுக்கிறது. அப்போது சந்தையில் விலை விழுந்துவிடும். கொண்டுபோன கூடையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மாட்டுக்குப் போடுபவர்களும் உண்டு. அதே வீட்டில் ஐப்பசியில் இரண்டு தக்காளி வாங்கவும் யோசிக்கிறோம். இந்த நட்டத்தைக் குறைக்க வீட்டு அடுப்பும் சில போத்தல்களும் போதும். ஆனால் எதை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நாம் விட்ட பிழை

முதன்முதலில் நாம் அடைக்கப் பழகியபோது மிஞ்சிய பயற்றங்காயை உப்புநீரில் இட்டு, போத்தலோடு அவித்து வைத்தோம். சில நாட்களில் ஒரு போத்தலின் மூடி உப்பியது. மற்றவை பார்வைக்கு நன்றாகவே இருந்தன. “நல்லதுகளைச் சமைப்போமே” என்று ஒருவர் கேட்டார். விடயம் தெரிந்த ஒருவர் தடுத்து, எல்லாவற்றையும் புதைக்கச் செய்தார். அவர் ஏன் தடுத்தார் என்பதே இன்றைய பாடம்.

புளிப்பே காவல்

உணவைப் பழுதாக்குபவை மதுவம், பூஞ்சணம், பற்றீரியா ஆகிய நுண்ணுயிர்கள். இவற்றுள் பல கொதிநீரின் சூட்டில் அழிந்துவிடும். பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்பவர் உணவைப் போத்தலில் அடைத்து, கொதிநீரில் அவித்துக் காக்கும் முறையை 1810இல் நூலாக வெளியிட்டார். நாம் இங்கே செய்வதும் அதன் வழிவந்ததே.

ஆயினும் மண்ணில் வாழும் ‘குளோஸ்திரிடியம் பொற்றுலினம்’ என்னும் பற்றீரியாவின் வித்திகள் 100 பாகை செல்சியஸ் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத போத்தலுக்குள் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சுக்கு மணமோ நிறமோ இல்லாமலும் இருக்கலாம். அதை உண்டவருக்குப் பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், விழுங்கவும் பேசவும் முடியாமற் போகும், கடைசியில் மூச்சும் நிற்கலாம்.

புளிப்பு மிகுந்த உணவில் இந்த வித்திகள் முளைப்பதில்லை. பி.எச். அளவு 4.6 என்பதே எல்லை. அதற்குக் கீழே உள்ளவை புளிப்பானவை. பயற்றங்காய், போஞ்சி, கரட், பூசணி, முருங்கைக்காய், இறைச்சி, மீன் யாவும் எல்லைக்கு மேலே உள்ளவை. இவற்றை அடைக்க, அமுக்கத்தில் 116 பாகைக்கு மேல் சூடேற்றும் தனிக் கருவி வேண்டும். சாதாரண பானையில் ஒருபோதும் அடைக்க வேண்டாம். தக்காளியோ எல்லையிலேயே நிற்கிறது. ஆகவே அதற்குப் புளிப்புச் சேர்த்தே அடைக்க வேண்டும்.

செய்முறை

தேவையானவை: 500 மில்லிலீற்றர் கொள்ளும் தடித்த கண்ணாடிப் போத்தல்கள், அவற்றுக்குப் புதிய மூடிகள், போத்தல் மூழ்கும் ஆழமான பானை, சிற்றிக் அமிலம். போத்தல் ஒன்றுக்கு ஏறத்தாழ 650 கிறாம் தக்காளி பிடிக்கும்.

1. செடியில் நன்கு பழுத்த, கெட்டியான பழங்களைத் தெரிவுசெய்க. அழுகியதும், பட்டுப்போன செடியில் பறித்ததும் வேண்டாம்.

2. போத்தல்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வெந்நீரில் சூடாக வைத்திருங்கள். கீறல் உள்ளதை ஒதுக்குங்கள்.

3. பழங்களை ஒரு நிமிடம் கொதிநீரில் இட்டு, பின் குளிர்நீரில் போட்டுத் தோலை உரியுங்கள். துண்டுகளாக்கி, மசித்து, 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். வெங்காயம், உள்ளி, மிளகாய், எண்ணெய் சேர்க்க வேண்டாம். வெங்காயம், உள்ளி, மிளகாய் ஆகியவை புளிப்பைக் குறைத்துவிடும்.

4. ஒவ்வொரு போத்தலிலும் கால் தேக்கரண்டி சிற்றிக் அமிலம் இடுங்கள். தேசிப்புளியின் புளிப்பு காய்க்குக் காய் மாறுவதால் அதை நம்ப வேண்டாம்.

5. சூட்டோடு நிரப்பி, மேலே ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இடம் விடுங்கள். காற்றுக் குமிழ்களை அகற்றி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள்.

6. பானையின் அடியில் துணியை மடித்துப் போட்டு, போத்தல்களை ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். மூடிக்கு மேல் ஓர் அங்குலம் வெந்நீர் நிற்க வேண்டும். நீர் கொதிக்கத் தொடங்கிய பின் 35 நிமிடம் அவியுங்கள்.

7. வெளியே எடுத்து, 12 மணி நேரம் அசையாமல் ஆறவிடுங்கள். மூடியின் நடு உள்ளே இழுபட்டிருந்தால் அடைப்புச் சரி. அழுத்தும்போது நடு துள்ளினால் அன்றே சமைத்துவிடுங்கள்.

திகதி எழுதி, இருண்ட குளிர்ந்த இடத்தில் வைத்து, ஓராண்டுக்குள் பயன்படுத்துங்கள்.

மலையகத்தவர் கவனத்துக்கு

உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆகவே கண்டி, பதுளையில் 40 நிமிடமும், ஹற்றன், பண்டாரவளையில் 45 நிமிடமும், நுவரெலியாவில் 50 நிமிடமும் அவிக்க வேண்டும்.

மற்ற மரக்கறிகள்?

அவற்றுக்கு எங்கள் அம்மாமார் காட்டிய வழியே பாதுகாப்பானது. பாவற்காய், கத்தரிக்காய், மிளகாய் ஆகியவற்றை உப்பிட்டு, நுளம்பு வலையால் மூடி, வெயிலில் வற்றலாக்குங்கள். முறித்தால் சடக்கென்று முறியும்வரை காய்ந்த பின்பே காற்றுப் புகாத பேணியில் இடுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி வளராது.

திறக்கும் முன்

மூடி உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, நுரைத்தாலோ, மணம் மாறியிருந்தாலோ நுனிநாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆடு, கோழிக்கும் போட வேண்டாம். ஆழமாகப் புதைத்துவிடுங்கள். யாருக்காவது மேலே சொன்ன குணங்குறிகள் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு போத்தல் வீணாவது பெரிய நட்டமல்ல.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் எந்த மாதத்தில் எந்த விளைச்சல் வீணாகிறது?
2. அவற்றுள் எவற்றை அடைக்கலாம், எவற்றை வற்றலாக்க வேண்டும்?
3. பெரிய பானை, மூடிகள், சிற்றிக் அமிலம் ஆகியவற்றைப் பல வீடுகள் சேர்ந்து வாங்கிப் பயன்படுத்த முடியுமா?